பேட்ச் ஒட்டி மூன்றாவது வாரத்தில் உதிரப்போக்கு: யாருக்காவது இப்படி ஆனதா?

மார்கழிப்பூ
மார்ச் 4, இரவு 11.20

எல்லோருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதத் துணிந்தேன். வயது 48. சொந்த ஊர் திருச்சி, பதினாறு வருடமாக இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம்.

இரண்டு வருடமாக மாதவிலக்கு தாறுமாறாக வந்துகொண்டிருந்தது. கடைசியாக வந்தது அக்டோபரில். அதோடு நின்றுவிட்டது என்றுதான் நினைத்தேன். ஆனால் உடம்பு பட்ட பாடு சொல்லி மாளாது. வெளியே பனி கொட்டும், நான் போர்வையை உதறிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பேன். விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் கிடையாது. விரல் மூட்டெல்லாம் வலி. கூட வேலை செய்பவர்களின் பெயரே சில நேரம் நாக்கில் வராது.

பிப்ரவரி 11 அன்று ஹார்மோன் சிகிச்சை தொடங்கினேன். 50 மைக்ரோகிராம் ஈஸ்ட்ரோஜன் பேட்ச் வாரத்துக்கு இரண்டு, கூடவே யுட்ரோஜெஸ்டன் என்ற புரோஜெஸ்டிரான் மாத்திரை 100 மில்லிகிராம் தினமும் இரவு ஒன்று. பத்தே நாளில் தூக்கம் வந்தது. நான் பழைய மனுஷியாக ஆகிவிட்டேன் என்று அழுதேவிட்டேன். ஐந்து நாளைக்கு முன் லேசாகக் கறை பட்டது. நேற்றிலிருந்து நன்றாகவே போகிறது, இன்று சின்னச் சின்னக் கட்டிகளும்.

எங்கள் பெரியம்மா கர்ப்பப்பைப் புற்றுநோயில் போனவர். அதனால் மனது எங்கெங்கோ போகிறது. அத்தை ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். விளக்கேற்ற ஏன் வரவில்லை என்று இரண்டு நாளாகக் கேட்கிறார். ஐந்து மாதம் நின்றது திரும்ப வந்துவிட்டது என்று அவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை. பேட்சைப் பிய்த்துப் போட்டுவிடலாமா என்று இருக்கிறது. யாருக்காவது இப்படி ஆனதா?

வல்லைவெளி
மார்ச் 5, அதிகாலை 4.05

மார்கழிப்பூ, பயப்பட வேண்டாம், எனக்கும் ஆனது. நான் யாழ்ப்பாணம், இப்போது ரொறன்ரோ. 49 வயதில் தொடங்கினேன். முதல் நாலு மாதமும் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாது. கறுப்பு உடுப்பைத் தவிர வேறொன்றும் போட முடியாமல் இருந்தது. ஐந்தாம் மாதத்தோடு தன்பாட்டில் அடங்கிவிட்டது. குளிசையை நிற்பாட்டாமல், டாக்டரிடம் வடிவாகக் கதைத்துக்கொண்டே தொடர்ந்தேன். பேட்சைப் பிய்க்காதையுங்கோ. அந்தத் தூக்கம் எவ்வளவு பெரிய வரம் என்று எனக்குத் தெரியும்.

நொய்யல்கரை
மார்ச் 5, காலை 9.40

மார்கழிப்பூ, ஒன்று கேட்கிறேன். வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற வழக்கம் உண்டா? எனக்குப் பேட்ச் ஒட்டவே ஒட்டாது, குளித்துவிட்டு வந்தால் ஓரம் சுருண்டு பாவாடையில் ஒட்டியிருக்கும். பாதி நாள் மருந்து உடம்பில் ஏறவே இல்லை. அந்த நாட்களில்தான் கறை படும். அப்புறம்தான் ஜெல்லுக்கு மாறினேன். கோயம்புத்தூரில் பேட்ச் கிடைப்பதும் சிரமம், ஜெல் சுலபமாகக் கிடைக்கிறது.

பேறுகாலம்
மார்ச் 5, மதியம் 2.15

மார்கழிப்பூ, முதலில் தைரியமாக இருங்கள். 31 வருடம் அரசு மருத்துவமனைகளில் மகப்பேறு, பெண்கள் நலப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். உங்களைப் பரிசோதிக்காமல் முடிவாக எதுவும் சொல்ல முடியாது. ஆனால் என்ன நடக்கிறது என்று புரிந்தால் பயம் பாதியாகும், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

கருப்பையின் உள்வரியை நாற்றங்கால் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஈஸ்ட்ரோஜன் தண்ணீரும் உரமும். அது வரவர உள்வரி வளர்ந்து தடிக்கும். புரோஜெஸ்டிரான் அந்த வளர்ச்சியை நிறுத்தி, முதிர வைக்கும். அது குறையும்போது உள்வரி உதிர்ந்து வெளியே வரும், அதுதான் மாதவிலக்கு. கருமுட்டை வெளியான பிறகுதான் உடம்பு புரோஜெஸ்டிரானைச் சுரக்கும். 45க்கு மேல் பல மாதங்களில் முட்டை வெளியாவதில்லை. சினைப்பை ஓய்ந்துவிட்டது என்று நாம் நினைப்போம், அது ஒரு மாதம் சும்மா இருக்கும், அடுத்த மாதம் இளம்வயதில் சுரந்ததைவிடக் கூடுதலாக ஈஸ்ட்ரோஜனைக் கொட்டும். உங்களுக்கு அந்த ஐந்து மாதத்தில் உள்வரி உதிராமலே ஓரளவு வளர்ந்திருக்கலாம். அதன் மேல் இப்போது பேட்சும் சேர்ந்திருக்கிறது. நீங்கள் போடும் அளவில் ஹார்மோன் சிகிச்சை சினைப்பையை அடக்காது. சொந்தச் சுரப்பு ஒரு பக்கம், மருந்து ஒரு பக்கம் என்று இரண்டும் ஓடும்போது உள்வரி நிலைகொள்ளச் சில மாதம் பிடிக்கும்.

இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டல்கள் தரும் நைஸ் என்ற அமைப்பே முதல் மூன்று மாதத்தில் எதிர்பாராத உதிரப்போக்கு சகஜம் என்று சொல்கிறது. 2024ல் பிரிட்டிஷ் மெனோபாஸ் சங்கம் வேறு பல அமைப்புகளோடு சேர்ந்து இதற்கென்றே தனி வழிகாட்டல் வெளியிட்டது. வேறு ஆபத்துக் காரணங்கள் இல்லாதவருக்கு, தொடங்கி ஆறு மாதம் வரை, அல்லது அளவை மாற்றி மூன்று மாதம் வரை, மருந்தைச் சரிசெய்து பார்க்கலாம் என்கிறது அது. அதைத் தாண்டியும் நீடித்தால் ஸ்கேன் பார்க்க வேண்டும்.

இப்போது உங்கள் விஷயத்தில் என் கண்ணில் பட்டது. புரோஜெஸ்டிரானைத் தினமும் ஒன்று என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசி மாதவிலக்குக்குப் பிறகு முழுதாக 12 மாதம் ஆனவர்களுக்குத்தான் பெரும்பாலும் அந்த முறை. உங்களுக்கு ஐந்து மாதம்கூட ஆகியிருக்கவில்லை. இந்த நிலையில் இருப்பவர்களுக்கு மாதத்தில் 12 முதல் 14 இரவு மட்டும் 200 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். அதை முடித்ததும் ஓர் ஒழுங்கான உதிரப்போக்கு வரும், எப்போது வரும் என்று நமக்கே தெரியும். தினமும் போட்டால் சொந்தச் சுரப்போடு மோதிக்கொண்டு ஒழுங்கில்லாமல் கசிந்துகொண்டே இருக்க வாய்ப்பு அதிகம். உங்கள் ஜி.பி.க்கு (குடும்ப டாக்டருக்கு) வேறு காரணமும் இருந்திருக்கலாம். நீங்களாக மாற்றாமல், அக்டோபர் என்ற தேதியைச் சொல்லி அவரிடமே கேளுங்கள்.

நான்கு கேள்வி. ஏதாவது மாத்திரையைத் தவறவிட்டீர்களா? பேட்ச் நன்றாக ஒட்டியிருக்கிறதா? (நொய்யல்கரை கேட்டது மிகச் சரியான கேள்வி.) கர்ப்பம் இல்லை என்று பார்த்தாயிற்றா? இந்தச் சிகிச்சை கருத்தடை ஆகாது, 48 வயதிலும் பார்க்கத்தான் வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை கடைசியாக எப்போது செய்தீர்கள்? உங்கள் பெரியம்மாவுக்கு வந்தது கருப்பை வாயிலா, உள்வரியிலா என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள். நம் ஊரில் இரண்டையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். வாயில் வருவது பெரும்பாலும் ஹெச்.பி.வி. என்ற வைரஸால் வருவது. உள்வரியில் வந்திருந்து, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோயும் இருந்தால் அதை டாக்டரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து அதுவும் தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் அப்படியே இருந்தால், தலை சுற்றினால், படபடப்பு வந்தால் காத்திருக்காதீர்கள், அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

மார்கழிப்பூ
மார்ச் 5, இரவு 9.50

டாக்டரம்மா, உங்கள் பதிலைச் சமையலறையில் நின்றபடியே மூன்று தடவை படித்தேன். மாத்திரை தவறவிடவில்லை. கர்ப்பம் இல்லை, இன்று மாலை வீட்டிலேயே பார்த்துவிட்டேன். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை போன வருடம், சரியாகவே இருந்தது. அம்மாவிடம் போனில் கேட்டேன், பெரியம்மாவுக்கு வாய்ப் பகுதியில்தானாம்.

நொய்யல்கரை அக்கா, நீங்கள் எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! அத்தை வந்த பிறகு வெள்ளிக்கிழமை தோறும் நல்லெண்ணெய்க் குளியல். இடுப்புக்குக் கீழே ஒட்டியிருந்த பேட்ச் இரண்டு வாரமும் பாதி கழன்றுதான் இருந்தது, நான் அழுத்தி அழுத்தி ஒட்டினேன். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நொய்யல்கரை
மார்ச் 6, காலை 7.30

கழன்றதை அழுத்தி ஒட்டாதே அம்மா, எண்ணெய் பட்ட பிறகு அது பிடிக்காது, புதிதாக ஒன்று ஒட்டிக்கொள். மாற்ற வேண்டிய நாள் மட்டும் பழைய கணக்குப்படியே இருக்கட்டும். எண்ணெய்க் குளியலைப் பேட்ச் மாற்றும் நாளிலேயே வைத்துக்கொள். பழையதை எடுத்துவிட்டு, சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளித்து, நன்றாகத் துடைத்துக் காய்ந்த பிறகு புதியதை ஒட்டு. என்னைப் பார்த்த டாக்டர் சொன்ன வழி இது. என் சருமத்துக்கு அப்படியும் ஒட்டவில்லை, அது வேறு விஷயம்.

அப்புறம், அத்தையிடம் சொல்லிவிடு. அவர்களும் இதைக் கடந்து வந்தவர்கள்தான்.

கத்திரிவெயில்
மார்ச் 9, மாலை 6.10

இந்த இழையை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னை, வயது 46. போன ஜூலையில் தொடங்கினேன், ஓஸ்ட்ரோஜெல் என்ற ஈஸ்ட்ரோஜன் ஜெல் தினமும் இரண்டு அழுத்து, மாதத்தில் 12 நாள் புரோஜெஸ்டிரான் 200. அந்த 12 நாளும் தலை கிறுகிறுப்பு, காரணமே இல்லாமல் அழுகை. செப்டம்பரோடு அந்த மாத்திரையை மட்டும் நானாக நிறுத்திவிட்டேன். ஜெல் மட்டும் போட்டுக்கொண்டிருந்தேன், மிக நன்றாக இருந்தது. ஜனவரியிலிருந்து விட்டுவிட்டு உதிரப்போக்கு. இந்தத் தடவை 12 நாளாக நிற்கவில்லை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. டாக்டரிடம் போனால் மாத்திரை நிறுத்தியதைச் சொல்ல வேண்டியிருக்கும், திட்டுவார்கள் என்றே போகாமல் இருக்கிறேன். இதுவும் உடம்பு பழகிக்கொள்வதுதானா?

பேறுகாலம்
மார்ச் 9, மாலை 6.45

இல்லை அம்மா. உங்கள் நிலைமை மார்கழிப்பூவின் நிலைமை கிடையாது. நாளை காலையே போங்கள்.

கருப்பை இருக்கும் பெண்ணுக்குப் புரோஜெஸ்டிரான் இல்லாமல் ஈஸ்ட்ரோஜன் மட்டும் கொடுக்கக் கூடாது என்பது மருத்துவ உலகம் பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம். அமெரிக்காவில் லட்சக்கணக்கான பெண்கள் ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை மட்டும் சாப்பிட்டு வந்த காலம் ஒன்று உண்டு. 1975 டிசம்பரில் இரண்டு ஆய்வுகள் ஒன்றாக வெளிவந்தன. அப்படிச் சாப்பிட்டவர்களுக்கு உள்வரிப் புற்றுநோய் பல மடங்கு அதிகம் என்று அவை காட்டின. அதற்குப் பிறகுதான் புரோஜெஸ்டிரான் வகை மருந்தைச் சேர்த்துக் கொடுப்பது கட்டாயமானது. நீங்கள் ஐந்து மாதத்துக்கு மேல் உரம் மட்டும் போட்டிருக்கிறீர்கள், அறுவடையே நடக்கவில்லை.

பெரும்பாலும் இது பயப்படும்படியான எதுவுமாக இருக்காது. ஆனால் பார்க்காமல் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது. உள்வழி ஸ்கேன் செய்து உள்வரியின் தடிமனை அளப்பார்கள், தேவைப்பட்டால் சின்னக் குழாய் விட்டு உள்வரியில் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். ஹீமோகுளோபினும், உடம்பில் இரும்புச் சத்து எவ்வளவு இருப்பில் இருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டினும் கட்டாயம் பாருங்கள். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில் 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு ரத்தசோகை. ஏற்கெனவே குறைவாக இருக்கும் ரத்தம் 12 நாள் போனால் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல்லுங்கள். அதைச் சொல்லாவிட்டால் டாக்டர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார். கிறுகிறுப்புக்கும் அழுகைக்கும் வேறு வழிகள் இருக்கின்றன. அதே மாத்திரையைப் பிறப்புறுப்பு வழியாக வைப்பது, டுஃபாஸ்டன் என்ற வேறு புரோஜெஸ்டிரான் வகை மாத்திரைக்கு மாறுவது, கருப்பைக்குள் வைக்கும் மிரெனா என்ற சின்னக் கருவியைப் பொருத்திக்கொள்வது என்று பல. நீங்கள் சொல்லியிருந்தால் அப்போதே மாற்றியிருப்பார்கள். பரவாயில்லை, இப்போது போங்கள். போய்விட்டு வந்து இங்கே ஒரு வரி எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

புளியமரத்தடி
மார்ச் 10, காலை 8.20

அம்மா, நான் ஆண், இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. என் மனைவிக்கு 54 வயது, மாதவிலக்கு நின்று இரண்டரை வருடம். எந்த ஹார்மோனும் எடுக்கவில்லை. போன வாரம் ஒரே ஒரு நாள் கொஞ்சம் கறை பட்டதாகச் சொன்னாள். வலியில்லை, மறுநாள் இல்லை. சூட்டு உடம்பு என்று இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். இந்த இழையைப் பார்த்த பிறகு எனக்கு மனது சரியில்லை.

பேறுகாலம்
மார்ச் 10, காலை 9.05

எழுதியது மிக நல்லது ஐயா. மருந்து எதுவும் இல்லாமல், நின்று ஒரு வருடத்துக்குப் பிறகு வரும் உதிரப்போக்கு ஒரு சொட்டானாலும் இந்த வாரமே பார்க்க வேண்டியது. பத்தில் ஒன்பது பேருக்கு உள்வரி மெலிந்துபோனது, சின்னத் தசை வளர்ச்சி என்று ஏதாவது சாதாரணக் காரணம்தான். பத்தில் ஒருவருக்குப் புற்றுநோயாக இருக்கிறது, அதுவும் தொடக்கத்திலேயே பிடித்தால் குணமாக்கக்கூடியது. இளநீர் குடிக்கட்டும், ஸ்கேனும் எடுக்கட்டும். நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.

புளியமரத்தடி
மார்ச் 19, இரவு 8.00

போய்விட்டு வந்தோம் அம்மா. உள்வரி 3 மில்லிமீட்டர், மெலிந்துபோனதால் வந்த கசிவு என்றார்கள். மறுபடி பட்டால் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள். தடவ ஒரு க்ரீம் கொடுத்திருக்கிறார்கள். நன்றி என்ற ஒரு சொல் போதாது.

கத்திரிவெயில்
மார்ச் 23, இரவு 10.30

டாக்டரம்மா, மன்னியுங்கள், முன்பே எழுதியிருக்க வேண்டும். மறுநாளே போனேன். ஹீமோகுளோபின் 8.4. உள்வரி 14 மில்லிமீட்டர். அங்கேயே மாதிரி எடுத்தார்கள். வலித்தது, உண்மையைச் சொல்கிறேன், ஆனால் சில நிமிடம்தான். இன்று ரிப்போர்ட் வந்தது. ஹைப்பர்பிளேசியா, அட்டிப்பியா இல்லை என்று எழுதியிருக்கிறது.

முதலில் பார்த்த இடத்தில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, குழந்தைகள் வளர்ந்துவிட்டார்கள், இனி கர்ப்பப்பை எதற்கு, எடுத்துவிடலாம், அடுத்த வாரமே தேதி தருகிறோம் என்றார்கள். கணவர் சரி என்கிறார். மாமியார் சரி என்கிறார். எனக்கு மட்டும் உள்ளே ஏதோ இல்லை என்கிறது. அதற்குப் பெயர் பயமா, அறிவா என்று எனக்கே தெரியவில்லை.

அரசிலை
மார்ச் 24, காலை 6.50

நான் 41 வயதில் எடுத்தவள். கர்ப்பப்பையில் பெரிய பெரிய ஃபைப்ராய்டு கட்டிகள், மாதம் பத்து நாள் வெள்ளம், இரண்டு தடவை ரத்தம் ஏற்றினார்கள். எடுத்த பிறகுதான் வாழ்க்கையே வந்தது. கர்ப்பப்பையை எடுப்பது என்றால் ஏதோ பெண்மையே போய்விடும் என்று பேசுகிறவர்களை நம்பாதீர்கள். ஹார்மோன் எடுத்துக்கொள்வதும் சுலபம், கர்ப்பப்பை இல்லாததால் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும் என்றார்கள். இந்தத் தொல்லை எல்லாம் இல்லை. எடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள் என்பதுதான் என் கருத்து.

வல்லைவெளி
மார்ச் 24, மாலை 5.30

அரசிலை அக்கா, உங்களுக்கு அது தேவையாக இருந்தது, செய்தீர்கள், நல்லது நடந்தது. ஆனால் கத்திரிவெயிலுக்கு வேறு மருந்தே பாவித்துப் பார்க்கவில்லை. ஒரு கிழமைக்குள் தேதி என்று ஏன் இந்த அவசரம்? இன்னொரு டாக்டரிடம் போய்க் கேட்கட்டும்.

பேறுகாலம்
மார்ச் 24, இரவு 8.40

அரசிலை சொல்வதை நான் மதிக்கிறேன். தேவைப்பட்டவருக்கு அந்த அறுவை சிகிச்சை உயிர் காப்பது. நானே நூற்றுக்கணக்கில் செய்திருக்கிறேன், இரண்டு தடவை ரத்தம் ஏற்ற வேண்டிய நிலையில் இருந்தவருக்கு நானும் அதையே சொல்லியிருப்பேன்.

கத்திரிவெயிலின் ரிப்போர்ட்டைப் பார்ப்போம். ஹைப்பர்பிளேசியா என்றால் உள்வரி அளவுக்கு மீறி வளர்ந்திருக்கிறது. அட்டிப்பியா இல்லை என்றால் செல்களின் வடிவம் கெடவில்லை. இந்த வகை 20 வருடத்தில் புற்றுநோயாக மாறும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவு என்று பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்களுக்கான ராயல் கல்லூரி சொல்கிறது. அங்கே முதல் சிகிச்சை மிரெனா. அந்தச் சின்னக் கருவி கருப்பைக்குள்ளேயே உட்கார்ந்து புரோஜெஸ்டிரான் வகை மருந்தை உள்வரிக்கு நேராகக் கொடுக்கும். உங்களுக்கு என்ன குறைவாக இருந்ததோ அதே வகை மருந்து. ரத்தத்தில் கலக்கும் அளவு குறைவு என்பதால் கிறுகிறுப்பும் அழுகையும் பலருக்குக் குறைகின்றன. ஆறு மாதம் கழித்து மறுபடி மாதிரி எடுப்பார்கள், அதற்கு அடுத்த ஆறு மாதத்தில் இன்னொன்று. இரண்டும் சரியாக இருந்தால்தான் சரி. அட்டிப்பியா இருந்திருந்தால் நானே எடுத்துவிடச் சொல்லியிருப்பேன்.

நம் நாட்டில் தேவையில்லாமல் கருப்பை எடுக்கப்படுவது உச்ச நீதிமன்றம் வரை போன விஷயம். 2023ல் இதற்காக மாநிலங்களுக்கு உத்தரவே போட்டது. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்களுக்கு, விலக்கு நாளில் கூலி போகக் கூடாது என்பதற்காகவே சின்ன வயதில் கருப்பையை எடுத்த கொடுமையை நாம் எல்லோரும் செய்தித்தாளில் படித்தோம். எனவே இரண்டாவது கருத்து கேட்பது உங்கள் உரிமை. ரிப்போர்ட்டின் நகலையும், ஸ்கேனையும், எந்த மாதத்திலிருந்து என்ன மருந்து என்ற குறிப்பையும் எடுத்துக்கொண்டு போங்கள். ஜெல்லைத் தொடர்வதா நிறுத்துவதா என்று அவர் சொல்லும்வரை போட வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரையை இன்றே தொடங்குங்கள்.

அரசிலை
மார்ச் 25, காலை 7.15

டாக்டரம்மா விளக்கிய பிறகு புரிகிறது. என் ரிப்போர்ட்டும் இவருடையதும் வேறு. கத்திரிவெயில், நான் சொன்னதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மார்கழிப்பூ
ஏப்ரல் 27, இரவு 10.10

கொஞ்ச நாளாக எழுதவில்லை. ஜி.பி.யிடம் அக்டோபர் தேதியைச் சொன்னேன். குறிப்பைத் திறந்து பார்த்துவிட்டு, 12 மாதம் ஆகவில்லை என்பதைத் தான் கவனிக்கவில்லை என்று ஒத்துக்கொண்டு மாற்றிக் கொடுத்தார். இப்போது மாதத்தில் 12 இரவு, படுக்கப் போகும்போது இரண்டு மாத்திரை. சாப்பாட்டோடு சேர்த்துப் போடக் கூடாதாம், அதனால் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் விட்டுப் போடுகிறேன். மயக்கமாக வருவதால் தூக்கமும் நன்றாக வருகிறது.

முதல் 12 இரவு முடிந்த மூன்றாம் நாள் வந்தது. எட்டு நாள், முதல் மூன்று நாள் மிக அதிகம். டாக்டரம்மா சொல்லியிருக்காவிட்டால் அன்று பயந்தே போயிருப்பேன். சேர்ந்து கிடந்ததெல்லாம் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அத்தையிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் சொன்னார், தனக்கு 47 வயதில் மூன்று மாதம் நிற்காமல் போனதாம், வீட்டில் ஐந்து ஆண்கள், யாரிடமும் சொல்லாமல் பழைய வேட்டியைக் கிழித்துக் கிழித்துத் துவைத்துக் காய வைத்தாராம், கிணற்றடியில் மயங்கி விழுந்த பிறகுதான் தெரிந்ததாம். முப்பது வருடமாக இதை ஒருவரிடமும் சொன்னதில்லை என்றார். அன்றிலிருந்து அவரே விளக்கேற்றுகிறார், என்னை எதுவும் கேட்பதில்லை. பேரீச்சம்பழமும் முருங்கைக்கீரையும் எங்கிருந்தோ வாங்கி வரச் சொல்லி எனக்குச் செய்து தருகிறார்.

நொய்யல்கரை
ஏப்ரல் 28, காலை 10.00

படிக்கும்போது கண் கலங்கிவிட்டது. என் கதையையும் சொல்கிறேன், யாருக்காவது உதவும். 51 வயதில் எனக்கு நின்று ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சபரிமலைக்குப் போக வேண்டும் என்பது என் அப்பா காலத்து ஆசை. ஐம்பது தாண்டியாயிற்று, நின்றும்விட்டது, கார்த்திகையில் மாலை போடலாம் என்று இருந்தேன். அந்த செப்டம்பரில்தான் சூடு தாங்காமல் ஹார்மோன் தொடங்கினேன், தினமும் போடும் முறை. மாலை போட்டு ஒன்பதாம் நாள் கறை பட்டது. நான் உட்கார்ந்து அழுத அழுகை கொஞ்சமில்லை. என் டாக்டர் இது கருமுட்டை வந்து வரும் மாதவிலக்கே கிடையாது, மருந்து உள்வரியில் நிலைகொள்ளும்வரை வரும் கசிவு என்று விளக்கினார். எங்கள் குருசாமி, மனது சஞ்சலப்பட்டுப் போக வேண்டாம், அடுத்த வருடம் வா, ஐயப்பன் எங்கேயும் போய்விட மாட்டார் என்றார். பிப்ரவரியோடு கசிவு சுத்தமாக நின்றது. அடுத்த கார்த்திகையில் 41 நாளும் ஒரு சொட்டு இல்லாமல் விரதம் முடித்துப் படியேறினேன்.

அதனால் சொல்கிறேன், கோயில் பயணம், கல்யாணம் என்று ஏதாவது முன்னால் இருந்தால், அதற்கு ஆறு மாதம் முன்போ, முடிந்த பிறகோ தொடங்குங்கள். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

மார்கழிப்பூ
ஆகஸ்ட் 16, மாலை 7.25

ஆறு மாதக் கணக்கு எழுதுகிறேன். மே மாதம் ஆறு நாள், ஜூனில் ஐந்து, ஜூலையில் நான்கு. மாத்திரை முடிந்த இரண்டாம், மூன்றாம் நாள் வருகிறது. ஒரே ஒரு தடவை நடுவில் கறை பட்டது, ஊருக்குப் போன பயணத்தில் இரண்டு இரவு மாத்திரையைப் பெட்டியோடு அனுப்பிவிட்டேன், அதனால்தான் என்று தெரிந்தது.

எப்படிக் குறித்து வைத்தேன் என்று தனிச்செய்தியில் ஒருவர் கேட்டிருந்தார். ஊரில் அம்மா பால் கணக்கைக் காலண்டரில் கோடு போட்டு எழுதுவார் இல்லையா, அதே மாதிரிதான். மாதக் காலண்டரில் பேட்ச் மாற்றிய நாளுக்கு ஒரு கட்டம், மாத்திரை போட்ட இரவுக்கு ஒரு கோடு, கறைக்குப் புள்ளி, அதிகம் போனால் வட்டம், அதற்குள் எத்தனை நாப்கின் என்ற எண். ஜி.பி. அதைப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் எல்லாம் புரிந்தது என்றார். ஸ்கேன் இப்போதைக்குத் தேவையில்லை, நடுவில் வட்டம் விழ ஆரம்பித்தால் உடனே வா என்றார்.

கத்திரிவெயில்
அக்டோபர் 14, பகல் 12.40

இரண்டாவது டாக்டர் உங்களைப் போலவே சொன்னார் டாக்டரம்மா. ஏப்ரல் 6 அன்று மிரெனா வைத்தார்கள். முதல் மூன்று மாதம் தினமும் சொட்டுச் சொட்டாகக் கசிந்தது, அப்படித்தான் இருக்கும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் பொறுத்துக்கொண்டேன். ஆகஸ்டிலிருந்து எதுவும் இல்லை. ஹீமோகுளோபின் 11.9. ஜூனில் ஜெல்லை ஓர் அழுத்தாக மறுபடி தொடங்கச் சொன்னார். அழுகை வரவில்லை.

போன வாரம் மாதிரி எடுத்தார்கள், இப்போதுதான் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசல் வேப்பமரத்தடியில் நின்று எழுதுகிறேன். ஹைப்பர்பிளேசியா இல்லை. கணவர் பக்கத்தில் நிற்கிறார், அவரும் இரண்டு தடவை படித்தார். அடுத்த மாதிரி ஏப்ரலில்.

பேறுகாலம்
அக்டோபர் 14, பகல் 1.05

மனது நிறைந்தது அம்மா. ஏப்ரல் தேதியை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். வெயிலில் நிற்காமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்கள்.